சிசிஐஇ பயிற்சியாளர்களுக்கு: மாதிரித் தேர்வில் அந்தக் கூடுதல் அரை மணி நேரத்தைத் தராதீர்கள்

சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும், இணையவழியாகவும் சிசிஐஇ (சிஸ்கோ நிறுவனத்தின் உயர்நிலை நெட்வொர்க் சான்றிதழ்) லேப் தேர்வுக்குப் பயிற்சி தரும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

உங்களிடம் பயிற்சி முடித்தவர்களில் சிலர், தேர்வுத் தேதி நெருங்கும் வேளையில் என்னிடம் வருவார்கள். நான் பயிற்சி நிலையம் நடத்துபவன் அல்லன். ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாலை வேளைகளில் இவர்களோடு உட்கார்ந்து, மாக் லேப் (மாதிரித் தேர்வு) எப்படிப் போகிறது என்று பார்ப்பது என் பழக்கம். அவர்களுடைய பாட அறிவைப் பார்க்கும்போது உங்கள் மீது மதிப்புத்தான் கூடுகிறது. பிஜிபி (நெட்வொர்க்குகளுக்கு இடையே பாதை சொல்லும் நெறிமுறை) எந்த வரிசையில் பாதையைத் தேர்ந்தெடுக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறார்கள். ஓஎஸ்பிஎஃப் (ஒரு நெட்வொர்க்குக்குள் பாதை தேடும் நெறிமுறை) அண்டை உறவு 'எக்ஸ்ஸ்டார்ட்' நிலையிலேயே நின்றுவிட்டதா, இரு முனையிலும் எம்டியு (அனுப்பக்கூடிய பொதியின் உச்ச அளவு) பொருந்துகிறதா பாருங்கள் என்று யோசிக்காமல் பதில் வருகிறது. இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் இவர்களேதான் தேர்வு முடிந்து வந்து, "நேரம் போதவில்லை, சார்" என்கிறார்கள். எங்கே போனது என்று கேட்டால் விழிக்கிறார்கள். எந்த ரூட்டரில் என்ன கட்டளையை அடித்தோம் என்பது நினைவிருக்கிறது. நடுவில் காணாமல்போன முக்கால் மணி நேரத்துக்கு மட்டும் கணக்கு இல்லை. எட்டு மணி நேரத் தேர்வுக்கு ஆளை அனுப்புகிறீர்கள். அந்த எட்டு மணி நேரத்தை எப்படிச் செலவழிப்பது என்று அவர்களுக்குச் சொல்லித்தந்ததாகத் தெரியவில்லை. கேட்டால் "வேகமாக டைப் செய்யப் பழகச் சொன்னார்" என்கிறார்கள்.

தேர்வுக் கட்டணம் 1600 அமெரிக்க டாலர். நம் பணத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டும். அதற்கு மேல் விடுப்பு, பயணம், விடுதி. "அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்" என்று தோளில் தட்டி அனுப்பக்கூடிய தொகை அல்ல அது. அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

நீங்கள் எந்தக் காலத்தில் இந்தத் தேர்வை எழுதினீர்கள் என்பது உங்கள் அறிவுரையிலேயே தெரிந்துவிடுகிறது. 1993இல் சிசிஐஇ தொடங்கியபோது லேப் இரண்டு நாள் நடந்தது. முதலில் நெட்வொர்க்கைக் கட்ட வேண்டும். இரண்டாம் நாள் தேர்வு நடத்துநர் அதில் வேண்டுமென்றே பழுதுகளை வைத்துவிடுவார், அவற்றைத் தேடிச் சரிசெய்ய வேண்டும். 2001இல் அது ஒரே நாளாக, எட்டு மணி நேரமாகச் சுருங்கியது. 2014இல் வந்த ரூட்டிங் அண்டு ஸ்விட்சிங் பிரிவின் ஐந்தாம் பதிப்பில் அந்த எட்டு மணி நேரமும் மூன்று துண்டானது: ட்ரபிள்ஷூட்டிங் (பழுது நீக்கல்) 2 மணி நேரம், டயக்னாஸ்டிக் (பழுதைக் கண்டறிதல்) அரை மணி நேரம், கான்ஃபிகரேஷன் (கருவிகளை அமைத்தல்) ஐந்தரை மணி நேரம். ட்ரபிள்ஷூட்டிங் முடியவில்லை என்றால் இன்னும் அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளலாம். எடுத்ததைக் கான்ஃபிகரேஷனில் கழித்துக்கொள்வார்கள். அந்த அரை மணி நேரத்தை எடுப்பதா, விடுவதா என்று அந்தக் காலத்தில் படித்தவர்கள் ஓயாமல் விவாதித்தார்கள். எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும். இங்கே எடுத்தால் அங்கே குறையும் என்பதைத் தேர்வே வாய்விட்டுச் சொன்னது. மாணவரும் தேர்வுக்கு முன்பே ஒரு முடிவோடு போனார்.

இப்போதைய அமைப்பு 2020 பிப்ரவரியில் வந்தது. ரூட்டிங் அண்டு ஸ்விட்சிங்குக்குப் பதிலாக வந்த என்டர்பிரைஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் லேபில் முதல் 3 மணி நேரம் டிசைன் (வடிவமைப்பு) பகுதி. அடுத்த 5 மணி நேரம் டிப்ளாய், ஆபரேட், ஆப்டிமைஸ் என்ற செய்முறைப் பகுதி. இரண்டிலும் தனித்தனியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் எடுக்க வேண்டும். கூட்டு மதிப்பெண்ணும் தேர்ச்சி அளவைத் தாண்ட வேண்டும். ஒன்றில் அள்ளி மற்றொன்றை ஈடுகட்ட முடியாது.

இந்த இரண்டு பகுதிகளும் நேரத்தைத் தின்னும் விதம் வேறு வேறு. நீங்களோ இரண்டுக்கும் ஒரே அறிவுரையைத் தருகிறீர்கள். "முதலில் கையைக் கட்டிக்கொண்டு கேள்வித்தாள் முழுவதையும் படி, படம் வரை, அதற்குப் பிறகு கீபோர்டைத் தொடு" என்பது பழைய தேர்வுக்குத் தங்கமான அறிவுரை. இன்றைய செய்முறைப் பகுதிக்கும் பொருந்தும். டிசைன் பகுதியில் அது நடக்கவே நடக்காது. அங்கே ஒரு கேள்வியைக் கடந்துவிட்டால் திரும்பிப்போக வழியில்லை. ரூட்டரோ ஸ்விட்சோ கண்ணில் படாது. ஒரு நிறுவனத்தின் கதை இருக்கும். மின்னஞ்சல்கள், நெட்வொர்க் படங்கள், நிர்வாகம் கேட்பவை, கேட்காமல் எதிர்பார்ப்பவை எல்லாம் இருக்கும். படித்து முடிவெடுத்து நகர வேண்டும்.

திரும்பிப்போக முடியாத தேர்வில் நேரத்தைக் காப்பது எப்படி என்று உங்களில் யாராவது ஒரு வகுப்பு எடுத்திருக்கிறீர்களா? நான் பார்த்தவர்கள் பலர் இரண்டு வகையில் அகப்படுகிறார்கள். ஒரு வகையினர் ஆவணங்களை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கேள்விக்குப் போகிறார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் அதே மின்னஞ்சலை மறுபடி முதலிலிருந்து படிக்கிறார்கள். இன்னொரு வகையினர் பதிலை உறுதிசெய்துவிட்டு, அடுத்த கேள்வி திரையில் இருக்கும்போது முந்தைய பதிலைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் நோய்க்கு மருந்து எளிது. ஆவணங்களை ஒரே முறை நிதானமாகப் படிக்க வேண்டும். படிக்கும்போதே கட்டாயம் எது, விருப்பம் எது, விலக்கப்பட்டது எது என்று தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். 'இந்தக் கிளையில் புதிய கருவி வாங்கப் பணம் இல்லை' என்ற ஒரு வரி, பின்னால் வரும் கேள்விகளில் பாதி விருப்பங்களை அடித்துவிடும். இரண்டாவது நோய்க்குப் பழக்கம்தான் மருந்து. நீங்கள்தான் பழக்க வேண்டும்.

இங்கே யாரும் பேசாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த 3 மணி நேரமும் ஆங்கிலம் படிக்கும் தேர்வு. தமிழ் வழியில் பள்ளி முடித்து, டிப்ளமா வாங்கி, நெட்வொர்க் வேலைக்கு வந்தவர்கள் உங்கள் வகுப்பில் நிறைய இருக்கிறார்கள். கட்டளை வரியில் அவர்கள் எவருக்கும் சளைத்தவர்கள் அல்லர். ஆனால் நான்கு பத்தி நீளும் ஒரு மேலாளரின் மின்னஞ்சலைப் படித்து, "அவருக்கு உண்மையில் என்ன வேண்டும்" என்று பிடிப்பதற்கு அவர்களுக்கு இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. இது அறிவுக் குறை அல்ல, பயிற்சி இன்மை. வாரம் ஒரு முறை ஒரு நீண்ட டெண்டர் ஆவணத்தையோ, ஒரு வடிவமைப்பு அறிக்கையையோ கொடுத்து, இருபது நிமிடத்தில் படித்து நிபந்தனைகளை மட்டும் எழுதித்தரச் சொல்லுங்கள். ரூட்டரே வேண்டாம். சில மாதங்களில் வேறுபாடு தெரியும். சிசிஐஇ வகுப்பில் ஆங்கில வாசிப்பா என்று சிரிக்காதீர்கள். தேர்வின் எட்டில் மூன்று பங்கு அதுதான்.

இனி 5 மணி நேரச் செய்முறைப் பகுதி. இங்கே கேள்விகளுக்கு இடையே முன்னும் பின்னும் போகலாம். அந்தச் சுதந்திரம்தான் வினை.

ஒரு கணக்கு. 300 நிமிடம் இருக்கிறது. படிக்கவும் படம் வரையவும் 25 நிமிடம், கடைசிச் சரிபார்ப்புக்கு 35 நிமிடம் என்று ஒதுக்கினால் மிச்சம் 240. மொத்தம் 60 புள்ளி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்; ஒரு புள்ளிக்கு 4 நிமிடம் வருகிறது. மூன்று புள்ளிக் கேள்வியின் விலை 12 நிமிடம். இரண்டு புள்ளிக் கேள்வியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தவர், ஏறக்குறைய 11 புள்ளியின் நேரத்தைக் கொடுத்து 2 புள்ளியை வாங்கப் பார்க்கிறார். அதுவும் கிடைத்தால். கேள்வியில் கேட்ட நிபந்தனைகள் எல்லாம் நிறைவேறினால்தான் புள்ளி; முக்கால்வாசி செய்ததற்கு முக்கால் புள்ளி கிடையாது.

இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியாதது அல்ல. மாணவருக்கும் தெரியும். ஆனாலும் எழுந்து வர மாட்டார். "இன்னும் ஐந்து நிமிடம், பிடிபட்டுவிடும்" என்பார். அந்த ஐந்து நிமிடம் முடிந்ததும் இன்னொரு ஐந்து. ஏற்கெனவே போன இருபது நிமிடம் வீணாகிவிடக்கூடாதே என்ற எண்ணமே அவரைப் பிடித்து வைக்கிறது. நன்றாகப் படித்தவர்கள்தாம் இதில் அதிகம் சிக்குகிறார்கள் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அரைகுறையாகப் படித்தவர் தெரியாது என்று சட்டென்று விட்டுவிடுகிறார். தெரிந்தவருக்குத் தன்மானம் தடுக்கிறது. "பாடம் ஆழமாக இருந்தால் நேரம் தானாக வரும்" என்று உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். பாடம் இல்லாதவரை எந்தக் கடிகாரமும் காப்பாற்றாது, உண்மை. ஆனால் ஆழம் மட்டும் இருந்தால் ஆள் அந்த ஆழத்திலேயே இறங்கி நின்றுவிடுகிறார்.

ஆகவே, விட்டுவிட்டுப் போவதை ஒரு பாடமாக நடத்துங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். அது வெறும் மன உறுதி அல்ல. அதற்கு நுட்பம் இருக்கிறது, அதைக் கற்றுத்தர முடியும்.

எந்தக் கேள்வியை விடலாம், எதை விடக்கூடாது என்பது முதல் நுட்பம். டிரங்க் (ஸ்விட்சுகளை இணைக்கும் தடம்) ஏறவில்லை என்றால் அதன் மேல் எதுவும் ஏறாது. உள் ரூட்டிங் சரியாக இல்லாமல் பிஜிபியைத் தொடுவதில் பொருள் இல்லை. ரூட்டர்களின் லூப்பேக் (உள் அடையாள) முகவரிகளே ஒன்றையொன்று எட்டாதபோது ஐபிஜிபி (ஒரே நெட்வொர்க்குக்குள் ஓடும் பிஜிபி) உறவு எப்படி எழும்? எம்பிஎல்எஸ் (லேபிள் பார்த்துப் பொதிகளை அனுப்பும் முறை) மையத்தில் லேபிள் பரிமாற்றம் நடக்காவிட்டால் விபிஎன் கேள்விகள் எல்லாம் கூடவே போகும். டிஎம்விபிஎன் (கிளைகளை இணைக்கும் ஒரு விபிஎன் வகை) டனல் எழாவிட்டால் அதன் மேல் ஓடும் ரூட்டிங்கும் இல்லை. இவற்றில் சிக்கினால் கூடுதல் நேரம் கொடுத்தே ஆக வேண்டும். மல்டிகாஸ்ட், க்யூஓஎஸ், நெட்ஃப்ளோ, ஒரு ஈஈஎம் ஸ்கிரிப்ட், ஒரு பைத்தான் கேள்வி போன்ற தனித்து நிற்கும் வேலைகளைப் பெரும்பாலும் யாரும் நம்பியிருப்பதில்லை. அவற்றைத் துணிந்து தள்ளிவைக்கலாம். கேள்வித்தாளைப் படிக்கும் அந்த முதல் 25 நிமிடத்தில் மாணவர் செய்ய வேண்டிய முக்கிய வேலை இந்தச் சார்புப் படத்தை வரைவதுதான். உங்கள் மாணவர்கள் வரைவதோ மூன்று வண்ணங்களில் முழு டோப்பாலஜி (இணைப்புப் படம்). தேர்வே தரும் படத்தைத் திரும்ப வரைந்து என்ன ஆகப்போகிறது?

இரண்டாவது நுட்பம், எப்படி விட்டுவிட்டுப் போவது என்பது. இதை யாரும் சொல்லித்தருவதே இல்லை. ஓஎஸ்பிஎஃப்புக்கும் ஈஐஜிஆர்பி என்ற இன்னொரு ரூட்டிங் நெறிமுறைக்கும் இடையே இரண்டு ரூட்டர்களில் இருவழி ரீடிஸ்ட்ரிபியூஷன் (ஒன்றின் ரூட்டுகளை மற்றதற்குக் கொடுப்பது) கேட்டிருக்கிறார்கள். மாணவர் ரூட்-மேப் (ரூட்டுகளை வடிகட்டும் விதிகள்) எழுதிக்கொண்டிருக்கிறார். ரூட்டுகளுக்கு அடையாளமாக இடும் டேக் எண்களில் குழப்பம். நேரமாகிவிட்டது என்று அப்படியே விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறார். அந்த அரைகுறை ரீடிஸ்ட்ரிபியூஷன் அங்கேயே கிடந்து, ஒரு பக்கத்து ரூட்டை மறுபக்கம் சுற்றவிட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்து வேறொரு கேள்வியில் பிங் (மறுமுனை எட்டுகிறதா என்ற சோதனை) ஒரு முறை போகிறது, அடுத்த முறை போகவில்லை. காரணம் தேடி இன்னொரு அரை மணி நேரம் போகும். விட்டுப் போகும்போது செய்ததைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். கழற்றியதை நோட்பேடில் ஒட்டிவைக்க வேண்டும். "டேக் வரை சரி, இரண்டாம் ரூட்டரில் டினை (தடுக்கும்) வரி பார்க்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்து இரண்டு நிமிட வேலை. திரும்பி வரும்போது பதினைந்து நிமிடத்தை மிச்சப்படுத்தும் வேலை.

காத்திருக்கும் நேரத்தைப் பற்றி. டைப் செய்யும் வேகத்தை இவ்வளவு வலியுறுத்துகிறீர்களே, நெறிமுறைகள் யார் வேகத்துக்கும் வளையாதவை என்பதையும் சொல்லலாம். பழைய ஸ்பானிங் ட்ரீயில் (ஸ்விட்சுகளில் சுழற்சியைத் தடுக்கும் நெறிமுறை) ஒரு போர்ட் கேட்கும் நிலையில் 15 விநாடி, கற்கும் நிலையில் 15 விநாடி நிற்கும். ஓஎஸ்பிஎஃப் ஈத்தர்நெட்டில் 10 விநாடிக்கு ஒரு ஹலோ செய்தி அனுப்பும். அண்டை ரூட்டர் போய்விட்டது என்று முடிவுகட்ட 40 விநாடி எடுக்கும். சிஸ்கோ ரூட்டரில் பிஜிபி அதே முடிவுக்கு வர 180 விநாடி. இது தெரிந்த மாணவர் கான்ஃபிகரேஷனைச் செலுத்திவிட்டு அடுத்த ரூட்டருக்குப் போவார். தெரிந்தும் பழகாதவர் உறவுகளின் நிலையைக் காட்டும் 'ஷோ ஐபி பிஜிபி சம்மரி'யை விநாடிக்கு ஒரு முறை அடித்துக்கொண்டு திரையையே பார்ப்பார். பொறுமை இழந்து எல்லா உறவுகளையும் கிளியர் செய்வார். எழவிருந்ததும் விழும், காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும். மென்பொருள் வழியே நெட்வொர்க்கை ஆளும் எஸ்டி-ஆக்சஸிலும் எஸ்டி-வேனிலும் இது இன்னும் மோசம். டிஎன்ஏ சென்டர் (இப்போது கேட்டலிஸ்ட் சென்டர்) என்ற மேலாண்மை மென்பொருளில் ஒரு கருவியை ப்ரொவிஷன் (தயார்) செய்யக் கொடுத்தால் அது தன் போக்கில்தான் முடிக்கும். அந்த வேளையில் வேறு கேள்விக்குப் போகத் தெரியாதவர், ஒன்றுமே செய்யாமல் தேர்வுக் கட்டணத்தைக் கரைத்துக்கொண்டிருக்கிறார். இவை அடங்கிய மென்பொருள்வழிக் கட்டமைப்புக்கு 2020 பாடத்திட்டம் 25 சதவீதம் கொடுத்திருக்கிறது. தானியங்கு நிரலாக்கத்துக்கு 15 சதவீதம். உங்கள் வகுப்பு அட்டவணையிலோ பிஜிபிக்கு மட்டும் மூன்று வாரம், எஸ்டி-ஆக்சஸுக்கு ஒரு வார இறுதி. மாணவர் எங்கே திணறுவார் என்பதை அட்டவணையே சொல்லிவிடுகிறது.

சின்ன விஷயங்களும் உண்டு. கட்டளையைப் பிழையாக அடித்தால் ரூட்டர் அதை ஒரு கணினிப் பெயர் என்று நினைத்துக்கொண்டு முகவரி தேடப் போய்விடும். அது கைவிடும் வரை கர்சர் அசையாது. 'நோ ஐபி டொமைன் லுக்அப்' என்ற ஒரு வரியைக் கேள்வி தடுக்காத இடங்களில் முதலிலேயே போட்டுவிட்டால் தீர்ந்தது; இல்லாவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், 6 மூன்றையும் சேர்த்து அழுத்தி வெளியே வரத் தெரிந்திருக்க வேண்டும். 'லாகிங் சிங்க்ரனஸ்' இல்லாமல், பாதி அடித்த கட்டளையின் நடுவே லாக் செய்தி வந்து விழுந்து, மறுபடி முதலிலிருந்து அடிக்கும் மாணவர்களை நான் நாள்தோறும் பார்க்கிறேன். இதையெல்லாம் முதல் வாரத்திலேயே நீங்கள் சொல்லியிருப்பீர்கள். கைக்கு வந்திருக்கிறதா என்றுதான் பார்க்கவில்லை.

சரிபார்ப்பைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். கடைசி என்று ஒன்று வருவதே இல்லை. 35 நிமிடம் ஒதுக்கினால் அதில் 25ஐ முடியாத கேள்வி எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு கேள்வியும் முடிந்த கையோடு, கேள்வியின் வாசகத்தை மறுபடி படித்து, கேட்டது கேட்டபடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கான்ஃபிகரேஷனைச் சேமித்த பிறகுதான் நகர வேண்டும். கடைசியில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பின்னால் செய்தது முன்னால் செய்ததை உடைத்துவிட்டதா என்பது. எல்லா லூப்பேக் முகவரிகளையும் வரிசையாக பிங் செய்யும் சிறிய டிசிஎல் (ரூட்டரிலேயே ஓடும் நிரல் மொழி) ஸ்கிரிப்ட் போதும். ஐந்து வரி. நோட்பேடில் தேர்வின் தொடக்கத்திலேயே எழுதிவைத்துக்கொண்டால், நடுவிலும் இரண்டு முறை ஓட்டிப் பார்க்கலாம்.

இப்போது தலைப்பில் சொன்னதற்கு வருகிறேன். உங்கள் மாக் லேப்.

காலை ஒன்பதரைக்குத் தொடங்க வேண்டியது பத்தேகாலுக்குத் தொடங்குகிறது, சர்வர் தயாராக இல்லை என்பதால். பதினொன்றரைக்கு டீ. ஒருவர் அலுவலக அழைப்பு என்று வெளியே போகிறார், கடிகாரம் அவருக்காக நிற்கிறது. நடுவில் ஒருவர் கைதூக்குகிறார். நீங்கள் அருகில் போய்த் திரையைப் பார்த்து, "அந்த நெய்பர் வரியை மறுபடி பாருங்கள்" என்கிறீர்கள். மாலையில், பாதிப்பேர் முடிக்கவில்லை என்று தெரிந்ததும், "பரவாயில்லை, இன்னும் அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறீர்கள். மாணவர் மகிழ்ச்சியாக முடிக்கிறார். தொண்ணூறு சதவீதம் என்று தாளில் எழுதித் தருகிறீர்கள். அவர் அதைத் தன் தேர்வு மதிப்பெண்ணாகவே நம்பிக்கொண்டு பணத்தைக் கட்டுகிறார்.

உங்கள் நல்ல மனம் எனக்குப் புரிகிறது. பணம் கட்டிப் படிக்க வந்தவரை அரைகுறையாக எழுப்பி அனுப்ப மனம் வராது. ஆனால் அந்த அரை மணி நேரத்தில் அவர் கற்றுக்கொள்வது என்னவென்றால், நெருக்கினால் நேரம் நீளும் என்பது. தேர்வறையில் நீளாது. முடியாத மாக் லேப் முடியாததாகவே இருக்கட்டும். அதற்கு 62 மதிப்பெண் என்றால் 62 என்றே எழுதுங்கள். தவற வேண்டிய இடம் உங்கள் வகுப்பறைதான்; அங்கே தவறுவதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

மாக் லேப் முடிந்த பிறகு நீங்கள் கொடுக்கும் விளக்கமும் முழுக்கப் பாடத்தைப் பற்றியே இருக்கிறது. இந்தக் கேள்விக்கு இந்த விடை, இப்படியும் செய்யலாம், அப்படியும் செய்யலாம். நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒவ்வொரு கேள்வியையும் எப்போது தொடங்கினார், எப்போது முடித்தார் அல்லது விட்டார் என்று மாணவரையே தாளின் ஓரத்தில் குறித்துவரச் சொல்லுங்கள். விளக்கத்தின்போது அந்த ஓரக் குறிப்பை முதலில் பாருங்கள், விடையைப் பிறகு பாருங்கள். இரண்டு புள்ளிக் கேள்விக்கு 38 நிமிடம் என்று அவர் கையெழுத்திலேயே இருக்கும். அதற்கு மேல் நீங்கள் அறிவுரை சொல்லத் தேவையில்லை. சரியான நேரத்தில் சுத்தமாக விட்டுவிட்டு வந்த கேள்விக்கு, பயிற்சிக் காலத்தில் மட்டுமாவது, ஒரு புள்ளி போடுங்கள். கணக்குப் பார்த்தால் அது அபத்தம். ஆனால் புள்ளி போட்டால்தான் மாணவர் அதை ஒரு திறமை என்று மதிப்பார்.

இன்னொன்று, உங்கள் வொர்க்புக். பத்து மாதிரி லேப்களைக் கொடுத்து அவற்றையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கிறீர்கள். மூன்றாம் முறை மாணவர் ஐந்து மணி நேர வேலையை மூன்று மணி நேரத்தில் முடிக்கிறார். அது நேர மேலாண்மை அல்ல, மனப்பாடம். எதில் எவ்வளவு நேரம் சிக்குவோம் என்று தெரியாத புதிய கேள்விக்கு முன்னால்தான் நேரத்தைப் பற்றிய முடிவே தேவைப்படுகிறது. அதே லேபில் ஒரே ஒரு நிபந்தனையை மாற்றுங்கள்: இந்த ரூட்டரில் ஸ்டாட்டிக் ரூட் கூடாது, அந்த இணைப்பில் ஓஎஸ்பிஎஃப் பகுதி எண்ணை மாற்றக்கூடாது என்று. கேள்வித்தாளைக் கசியவிட்டு விற்பவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. இந்த மடல் அவர்களுக்கு அல்ல.

வேலையில் இதற்கு நேர்மாறாகத்தானே நடக்க வேண்டும், காரணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பவர்தானே நல்ல பொறியாளர் என்று நீங்கள் கேட்கலாம். நெட்வொர்க் கண்காணிப்பு அறையில் ஓர் இரவு உட்கார்ந்து பாருங்கள். ஒரு கிளை அலுவலகம் துண்டித்துப்போனால் அங்கே முதல் கேள்வி 'ஏன்' என்பது அல்ல. மாற்று இணைப்பில் போக்குவரத்தைத் திருப்பி, அலுவலகத்தை எழுப்பிவிட்டு, பிறகுதான் காரணம் தேடுவார்கள்; மூலக் காரண அறிக்கை மறுநாள் எழுதப்படும். சேவை விழுந்து கிடக்கும்போது ஒரே ரூட்டரில் ஒரு மணி நேரம் டீபக் ஓட்டிக்கொண்டிருப்பவரை ஷிஃப்ட் பொறுப்பாளர் எழுப்பிவிடுவார். தேர்வறையில் அந்தப் பொறுப்பாளர் இல்லை. மாணவரே தன்னை எழுப்பிக்கொள்ள வேண்டும். அந்தப் பழக்கத்தோடு வருகிறவரை எங்கள் பிரிவில் வேலைக்கு எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கமே இல்லை, சான்றிதழ் வந்தாலும் வராவிட்டாலும்.

பயணத்தைப் பற்றிச் சுருக்கமாக. நம் பக்கத்து மாணவர்களுக்கு அருகிலுள்ள லேப் பெங்களூரில். சென்னையிலிருந்து இரவு மெயிலில் ஏறி, விடியற்காலையில் இறங்கி, குளித்துவிட்டு நேராகத் தேர்வுக்குப் போகலாம், ஒரு நாள் விடுதிச் செலவு மிச்சம் என்று கணக்குப் போடுபவர்கள் இருக்கிறார்கள். சிக்கனம் பார்க்க வேண்டிய இடம் அது அல்ல என்று அழுத்திச் சொல்லுங்கள். முந்தைய நாளே போய், தேர்வு மையத்துக்கு நடக்கும் தூரத்தில் தங்கட்டும்; பெங்களூரு போக்குவரத்தை நம்பி எந்தக் கணக்கும் போட முடியாது. தூக்கமில்லாத மூளை தட்டச்சில் பிழை செய்வதுகூடப் பரவாயில்லை. எழுந்து வர வேண்டிய கேள்வியில் "இன்னும் ஐந்து நிமிடம்" என்று உட்காருவதும் அந்த மூளைதான்.

ஒரு விஷயத்தில் எனக்கு உங்கள் கருத்து தேவை. செய்முறைப் பகுதியை எஸ்டி-ஆக்சஸ் கேள்விகளிலிருந்து தொடங்குவதா, வழக்கம்போல ஸ்விட்சிங்கிலிருந்து தொடங்குவதா என்பது. ப்ரொவிஷன் ஆகும் நேரத்தில் மற்றவற்றைச் செய்யலாம் என்பதால் முதலிலேயே அதைத் தூண்டிவிடச் சொல்கிறார்கள் சிலர். அடிப்படை இணைப்பு உறுதியாகாமல் அதைத் தொடங்கினால் பாதியில் பிழையோடு நிற்கும், அவிழ்ப்பதற்கு இரண்டு மடங்கு நேரம் ஆகும் என்கிறார்கள் வேறு சிலர். நான் இரண்டாவது கட்சி. ஆனால் பல குழு மாணவர்களை வரிசையாகப் பார்க்கும் வாய்ப்பு உங்களுக்குத்தான் இருக்கிறது. ஒரு குழுவை ஒரு முறையிலும் அடுத்த குழுவை மற்ற முறையிலும் செய்யவைத்து, ஓரக் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். பார்த்துவிட்டு எழுதுங்கள், நான் சொன்னது பிழை என்றாலும் எழுதுங்கள்.

அடுத்த குழுவின் மாக் லேப் தொடங்கும்போது பலகையில் முடியும் நேரத்தை எழுதிவிடுங்கள். அந்த நேரத்தில் மடிக்கணினிகளை மூடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாணவர்களோடு மாலையில் உட்காரும் ஒரு நெட்வொர்க் பொறியாளர்